புல்தரையில் வைத்த ஆறு கிரேட்

கார்மினே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்து நியூட்டனில் இந்தப் பார்மென்டர் தெருவுக்கு நான் குடிவந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் வந்தபோதே அவர் இங்கே பழைய ஆள். இத்தாலியில் பெனவென்டோ பக்கத்து மலை ஊரிலிருந்து பதினேழு வயதில் கப்பலேறி வந்தவர். வந்த மறுவாரமே கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டார். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கார் நிறுத்தும் தளம் போட்டது அவர்தான். என் வீட்டுத் தளமும் அவர் போட்டது. இன்றைக்கு வரைக்கும் ஒரு கீறல் விடவில்லை.

அவர் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியால் தானே தோண்டி, தானே சுவர் வைத்துக் கட்டியது. அடிலெய்டில் ஜனவரி வெயில் நாற்பதைத் தாண்டினாலும் அதற்குள்ளே இறங்கினால் உடம்பு குளிரும். அங்கேதான் தக்காளி பாட்டில்களை வைத்திருந்தார்.

தக்காளி பாட்டில் என்றால் கடையில் விற்கிற இனிப்பு சாஸ் இல்லை. பிப்ரவரி கடைசியில் பெட்டி பெட்டியாகத் தக்காளி வாங்கி, வெந்நீரில் போட்டு, தோல் எடுத்து அரைத்து, பழைய பியர் பாட்டில்களில் ஊற்றி, தகர மூடி அடித்து, பெரிய அண்டாவில் பாட்டிலோடு வேகவைத்து எடுப்பார்கள். ஒரு வருஷத்துக்கு வரும். அவர் மனைவி அசுந்தா ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே ஒரு திருநீற்றுப்பச்சை இலை போடுவார். அந்த வேலையை வேறு யாரிடமும் விட மாட்டார். ஒரு தடவை நான் உதவிக்குப் போய் இரண்டு இலை போட்டுவிட்டேன். இது என்ன மாட்டுக்குத் தீவனமா என்று கேட்டுவிட்டு, விரலை விட்டு ஒன்றை வெளியே எடுத்துவிட்டார்.

போன வருஷம் தக்காளி போட்டு மூன்று வாரத்தில் அசுந்தா போய்விட்டார். காலையில் துணி காயப்போட்டவர், கிளிப்புக் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கார்மினே அழுது நான் பார்க்கவில்லை. கோபப்பட்டும் பார்க்கவில்லை. மகள் மரீசா வந்து டாக்டரிடம் போகலாம் என்றால் போவார். முடி வெட்டிக்கொள்ளலாம் என்றால் உட்காருவார். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் போனால், யாராவது வந்து அணைக்கும்வரை அது ஓடிக்கொண்டிருக்கும். ரொட்டியும் டப்பா மீனும்தான் சாப்பாடு. நிலவறையில் தொண்ணூறு பாட்டில் தக்காளி இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் கீழே இறங்கி, ஒரு துணியால் அந்தப் பாட்டில்களைத் துடைத்துவிட்டு ஏறி வருவார். யாரும் சொல்லாமல் அவர் செய்த வேலை அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். வேலியோரம் நின்றால் நிலவறையின் காற்றுச் சன்னல் வழியாக எனக்குத் தெரியும்.

இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் எங்கள் தெருவில் பெரிய குழாய் வெடித்தது.

நான் அப்போது விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பேத்தி பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. மகள் கொஞ்சம் கண் அசரட்டும் என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறையில் நடந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தார் ரோடு பூரி மாதிரி உப்பியது. முதலில் என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். உப்பியது பிளந்து, தண்ணீர் தந்திக் கம்பி உயரத்துக்கு எழுந்தது. தார்க்கட்டிகள் எங்கள் கூரை மேல் வந்து விழுந்தன. பேத்தி கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த வயதில் குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று மகள் சொல்கிறாள். நான் பார்த்தேன், அவள் அதைப் பார்த்தாள்.

இங்கே மண் களிமண். கோடையில் காய்ந்து வெடிக்கும், மழையில் உப்பும். நடுவில் மாட்டிக்கொண்ட பழைய இரும்புக் குழாய் என்ன செய்யும். வருஷத்துக்கு ஒரு தெரு இப்படிப் போவது வழக்கம். இந்தத் தடவை எங்கள் முறை.

எங்கள் தெரு சரிவு. அந்தச் சரிவில் பள்ளத்தில் இருப்பது கார்மினே வீடு. ரோட்டில் ஓடிய தண்ணீர் எல்லாம் அவர் போட்ட வழவழப்பான தளத்தில் இறங்கி, நிலவறையின் காற்றுச் சன்னல் வழியாக உள்ளே கொட்டியது. நான் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். எதிர்வீட்டு ட்ரெவர் காற்சட்டையும் செருப்புமாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் மண்ணை வெட்டிப் போட்டு அணை கட்டப் பார்த்தோம். தண்ணீர் அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது.

கார்மினே வாசல் வராந்தாவில் நின்றிருந்தார். காலில் சப்பாத்து, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. தண்ணீர் போவதைப் பார்த்தார். நிலவறைக்குள் கண்ணாடி மோதுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

தண்ணீர்க் கம்பெனி ஆட்கள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். ஆனால் தண்ணீரை நிறுத்த இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அடைப்பு வால்வின் மூடி எங்கே என்று தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோடு போட்டவர்கள் அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டார்கள். மேஸ்திரி டீன் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு காலால் ரோட்டைத் தட்டித் தட்டி நடந்தான். ட்ரெவர் சும்மா இருக்கவில்லை. இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மேட், அதாவது நண்பர்.

"டான்ஸ் நல்லாருக்கு மேட். தண்ணி எப்ப நிக்கும்?"

"உன் வாயி எப்ப நிக்குதோ அப்ப" என்றான் டீன்.

ஒருவழியாகக் கண்டுபிடித்து, தாரை உடைத்து, நீளச் சாவியைப் போட்டு இரண்டு பேர் சுற்றினார்கள். தண்ணீர் மெதுவாகப் படுத்தது. ரோட்டில் ஒரு கார் இறங்குகிற அளவுக்குப் பள்ளம். தெரு முழுவதும் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாயங்காலம் ஆகும் என்றான் டீன். நாளைக்குக் காலை என்று அர்த்தம் என்றான் ட்ரெவர்.

ட்ரெவரிடம் ஒரு பம்பு இருந்தது. அதை வைத்து நிலவறையை இறைத்தோம். மார்பளவு நின்ற தண்ணீர் வற்ற மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே சேறு. தொங்கவிட்டிருந்த காய்ந்த இறைச்சி, பழைய கருவிகள், ஒரு தையல் மெஷின், பாய்கள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. பாட்டில் அடுக்கு சாய்ந்து கிடந்தது. நான் நினைத்த அளவுக்கு உடையவில்லை. ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து எடுத்துப் பால்காரர்கள் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கினேன். ஆறு கிரேட் வந்தது.

அதற்குள் மரீசா வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். தொற்று பரவாமல் பார்க்கிற வேலை. நல்ல பெண், ஆனால் ஒரு தட்டைக் கழுவிக் கொடுத்தாலும் மறுபடி கழுவுவாள். இன்சூரன்ஸ் ஆளிடம் போனில் பேசினாள். வெள்ளத் தண்ணீர் பட்ட சாப்பாட்டுச் சாமான் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது, படம் பிடித்துவிட்டு வெளியே போட்டுவிடுங்கள் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். அவளும் அதையே சொன்னாள்.

ட்ரெவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நாம குடிக்கிற தண்ணிதானே, கூடக் கொஞ்சம் ரோடு கலந்திருக்கு, அவ்வளவுதான் என்றான். மரீசா சிரிக்கவில்லை. ரோடு மட்டுமில்ல, அந்தப் பள்ளத்துல சாக்கடைக் குழாயும் போகுது என்றாள். பிறகு அப்பாவிடம் போய், கீழே இருக்கிறதெல்லாம் வெளியே போட்டுவிடலாமா என்று கேட்டாள். பாட்டிலும் சேர்த்தா என்று அவர் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மூடி இறுக்கமாக இருந்தது. மேலே சேறுதான். நல்ல தண்ணீரில் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் தூக்கிப் போடலாமே என்று மரீசாவிடம் கேட்டேன். அவள் களைத்துப் போயிருந்தாள். கழுவணும்னா கழுவுங்க செல்லையா, ஆனா அப்பா அதுல ஒண்ணையும் சாப்பிட மாட்டார், நான் விட மாட்டேன் என்றாள்.

எங்கே கழுவுவது? வீட்டில் தண்ணீர் இல்லை. தளமெல்லாம் சேறு. இரண்டு மணிக்குத் தண்ணி லாரி வரும், கார்மினே வீட்டு எதிரில்தான் நிற்கும் என்று டீன் சொல்லியிருந்தான். அதனால் ஆறு கிரேட்டையும் நானும் ட்ரெவரும் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்கு முன்னால் ரோட்டை ஒட்டிய புல்தரையில் வரிசையாக வைத்தோம். பக்கத்தில் ஊறிப்போன பாய், தையல் மெஷின், கால் உடைந்த மேஜை எல்லாம் ஏற்கெனவே கிடந்தன.

இந்த ஊரில் இருக்கிறவன் யாரும் செய்யக்கூடாத காரியம் அது. வீட்டுக்கு முன் புல்தரையில் எதை வைத்தாலும் அது ஊருக்குப் பொது. வேண்டாததை வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொண்டு போவார்கள். எழுதி ஒட்ட வேண்டாம், கேட்கவும் வேண்டாம். மரியாதை உள்ளவர்கள் ஒரு வார்த்தை கேட்பார்கள். என் வீட்டில் சாப்பாட்டு மேஜை அப்படி வந்தது. புல்வெட்டி அப்படி வந்தது. பேத்தி படுக்கிற தொட்டில்கூட மூன்றாவது தெருப் புல்தரையில் இருந்து நான் தூக்கிவந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்தது. இவ்வளவும் தெரிந்தவன் கிரேட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். லாரி வரும், கழுவுவேன் என்பது மட்டும்தான் என் தலையில் இருந்தது.

லாரி இரண்டு மணிக்கு வந்தது. ஆனால் கார்மினே வீட்டு எதிரில் பள்ளம் தோண்டும் வண்டி நின்றதால், அது தெரு முனையிலேயே நின்றுவிட்டது. பிள்ளைத்துணி துவைக்கத் தண்ணீர் வேண்டும் என்று மகள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வாளியோடு ஓடினேன். அங்கே நீள வரிசை. எத்தனை பேருக்கு என் பேத்தியைப் பற்றிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு கிரேக்கத்துப் பெண்மணி தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். வாளிகளை வீட்டில் வைத்துவிட்டு, பாட்டில் கழுவுவதற்கு இன்னொரு வாளி பிடித்துக்கொண்டு வந்தேன்.

புல்தரையில் பாயும் மேஜையும் இருந்தன. கிரேட் ஆறும் இல்லை. தையல் மெஷினும் இல்லை.

கார்மினே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து புல்தரை பத்தடி.

"கார்மினே, இங்க வெச்ச பாட்டில் எல்லாம் எங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"ஒரு ஆளு. எடுத்துக்கலாமா மேட்னு கேட்டான். எடுத்துக்கோன்னேன்."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி புரியாத மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"புல்தரையில இருந்துச்சே" என்றார்.

உள்ளேயிருந்து மரீசா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வெளியே போடச் சொன்னவள் அவள்தான். போய்விட்டது என்று கேட்டதும் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது விழுந்தது. அவள் எடுக்கவில்லை. போன வருஷம் தக்காளி போட்ட அன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இதை அவள் சொல்லி எனக்குத் தெரியாது, அசுந்தா அன்றைக்கே என்னிடம் சொல்லிக் குறைப்பட்டார்.

"யாருன்னு கேளுங்க அவரை" என்றாள் மரீசா. "நான் கேட்டா சொல்ல மாட்டார்."

கேட்டேன். பின்னால் கூண்டு வைத்த வெள்ளை வண்டி, தொப்பி, ஒரு நாய் என்று சொன்னார். ட்ரெவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அது கெல்வின். காலி பாட்டில் பொறுக்கி டிப்போவில் போடுகிற ஆள். இங்கே காலி பாட்டில் ஒன்றுக்குப் பத்து சென்ட் கொடுப்பார்கள். கெல்வினுக்கு அதுதான் பென்ஷனுக்கு மேல் வருமானம். பழைய பியர் பாட்டில், தகர மூடி, மேலே சேறு. யாரோ நிலவறையில் மறந்துபோன பியர் என்று நினைத்திருப்பான் என்றான் ட்ரெவர். அப்படியென்றால் அவன் என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்தது. மூடியை நெம்பிச் சாக்கடையில் ஊற்றுவான். டிப்போ நான்கு மணிக்கு மூடிவிடும். அப்போது மணி மூன்றேகால்.

நான் கார்மினேயை வரச் சொன்னேன். எழுந்து வந்தார். ட்ரெவர் காரை ரிவர்ஸில் எடுத்து, பள்ளத்தைச் சுற்றி, பக்கத்து வீட்டுப் பூச்செடி மேலேயே ஏற்றி ஓட்டினான். டீன் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். வழியில் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் ட்ரெவர் கெட்ட வார்த்தை சொன்னான். கார்மினே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் மட்டும், அந்தப் பள்ளிக்கூட நடைபாதை நான் போட்டது என்றார்.

டிப்போவில் வண்டிகள் வரிசையாக நின்றன. கெல்வின் வரிசையில் இல்லை. ஓரமாக, கழுவும் தொட்டிப் பக்கம் நின்றிருந்தான். வயதானவன், எழுபதுக்கு மேல் இருக்கும். நாய் அவன் காலடியில் எதையோ நக்கிக்கொண்டிருந்தது. கான்கிரீட் தரை நாலடிக்குச் சிவப்பாக இருந்தது. ஈ மொய்த்தது. இரண்டு கிரேட்டில் பாட்டில் எல்லாம் காலி, கவிழ்த்து வைத்திருந்தான். மூன்றாவது கிரேட் காலடியில் இருந்தது. அதில் பாதிக்கு மூடி இல்லை, ஆனால் உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. மூன்று கிரேட் இன்னும் வண்டியில் இருந்தது.

ட்ரெவர் சொல்லச் சொல்லக் கெல்வின் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"பியருன்னுதான் மேட் நெனச்சேன். தெறந்தா ரத்தம் மாதிரி வந்துச்சு. நாயி நக்கினப்புறந்தான் தக்காளின்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறமும் ஏன் ஊத்தினே?" என்றான் ட்ரெவர்.

"காலியா இருந்தாத்தானே வாங்குவாங்க. கெட்டுப்போனதுன்னுதானே வெளிய வெச்சிருப்பாங்க. அவரைக் கேட்டேன் பாரு, எடுத்துக்கோன்னாரு."

அவன் மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. தையல் மெஷினையும் திருப்பித் தருகிறேன் என்று கெல்வின் சொன்னான். அது வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் சொல்லிவிட்டேன்.

கார்மினே அந்தச் சிவப்புத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன். அவர் முகத்தில் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார், அல்லது உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் குனிந்து தரையை விரலால் தேய்த்தார்.

"மட்டமான பூச்சு" என்றார். "உறிஞ்சிடும். இந்தக் கறை போகாது."

பிறகு காலடியிலிருந்த கிரேட்டைப் பார்த்தார். மூடி இல்லாத பாட்டில்கள் எட்டு. ஒன்றை எடுத்து மூக்கருகில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை.

"தெறந்தது நிக்காது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டேன்.

"தெறந்துட்டா நிக்காது, கெட்டுடும். இன்னிக்கே அடுப்புல ஏத்தணும். வண்டில ஏத்து."

பத்து மாதத்தில் அவர் என்னிடம் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.

மூடியோடு இருந்த கிரேட்டுகளைப் பின்னால் ஏற்றினோம். திறந்த எட்டும்தான் சிக்கல். சாய்ந்தால் கொட்டிவிடும். கார்மினே முன்சீட்டில் உட்கார்ந்து நான்கைக் கால்களுக்கு இடையில் நிறுத்திக்கொண்டார். நான் பின்னால் நான்கைப் பிடித்துக்கொண்டேன். கெல்வின் தன் தொப்பியால் ஈயை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். ட்ரெவர் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். என் மகன் பொறந்தப்ப ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்தேன், அதுக்கப்புறம் இவ்வளவு மெதுவா இன்னிக்குத்தான் ஓட்டறேன் என்றான். பேத்தியைக் கூட்டிவந்த அன்றைக்கு நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தது அசையாமல் தூங்கியது. இது ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்துவரை ஏறி இறங்கியது.

மரீசா வாசலில் நின்றிருந்தாள். திறந்த பாட்டில்களைப் பார்த்ததும் அவளுக்கு நர்ஸ் முகம் வந்துவிட்டது. நாய் நக்கியதா என்று கேட்டாள். தரையைத்தான் நக்கியது என்று மூன்று தடவை சத்தியம் செய்தேன். கார்மினே அவளைத் தாண்டி உள்ளே போய்ப் பெரிய பாத்திரத்தைத் தேடினார். அசுந்தா எங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து, அப்படியே திறந்து விட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தார். மரீசா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மணி நேரம் கொதிக்கணும் அப்பா. தளதளன்னு. அப்பத்தான் விடுவேன்."

"ரெண்டு மணி நேரம் கொதிக்கும்" என்றார் அவர். "உங்கம்மா அப்பிடித்தான் வெப்பா."

பாத்திரம் ஸ்டவ்வுக்குக் கீழே இருந்தது. பாட்டில் வாயை எல்லாம் மரீசா ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பாஸ்தா வேகவைக்கத் தண்ணீர் வேண்டும், குழாயில் வரவில்லை. தண்ணி லாரியிலிருந்து நான்கு நடை நானும் ட்ரெவரும் சுமந்தோம். எட்டுப் பாட்டில் என்பது ஒரு ஆள் சாப்பாடு இல்லை. பள்ளத்தில் இறங்கி வேலை செய்த டீன் ஆட்கள் ஆறு பேர், தெருவில் இன்னும் சிலர் என்று மரீசா எண்ணிப் பார்த்துத் தட்டு எடுத்து வைத்தாள். கார்மினே யாரையும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுப்பு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலைக் கவிழ்க்கும்போதும் இலை விழும்வரை தட்டினார். கழுத்தில் ஒட்டிக்கொண்டால் கரண்டிக் காம்பால் எடுத்தார்.

ஆறு மணி வெயிலில் எல்லோரும் தளத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். உட்காரச் சேறு இல்லாத இடம் கிடையாது. டீன் இரண்டாவது தட்டு கேட்டான். உனக்கு வால்வே கண்டுபிடிக்கத் தெரியாது, வாய் மட்டும் கரெக்டா கண்டுபிடிக்கிறே என்றான் ட்ரெவர். கார்மினே தன் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தா நாற்காலிக்குப் போய்விட்டார். மரீசா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் ரொட்டி கொடுக்கப் போனேன்.

அவர் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். மென்றுகொண்டிருந்தார்.

"உப்பு பத்தல" என்றார். "அவ எப்பவும் கம்மியாத்தான் போடுவா. எத்தனை தடவ சொன்னாலும் கேக்க மாட்டா."

மரீசா உப்பு எடுக்க எழுந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மீதியையும் அப்படியே சாப்பிட்டார். ரொட்டியை என் கையிலிருந்து வாங்கித் தட்டைத் துடைத்தார். அழவில்லை. முகம் காலையில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. மரீசாதான் சாப்பிடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரெவர் சொன்ன மாதிரியே மறுநாள் காலைதான் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் தேநீர் நிறத்தில் வந்தது.

மூடியோடு இருந்த பாட்டில்களை மரீசா தானே கழுவினாள். மூன்று தடவை. அதற்குப் பிறகு தூக்கிப் போடும் பேச்சை அவள் எடுக்கவில்லை. நிலவறை காய மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுத் துணி துவைக்கும் அறை வெயில் படாதது, அங்கே வைக்கலாம் என்றேன். கார்மினே வந்து அறையைப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். இங்க வை என்று ஒரு மூலையைக் காட்டினார். பிள்ளைத்துணிக் கூடைக்குப் பக்கத்தில் கிரேட்டுகள் அடுக்கினோம்.

பிப்ரவரியில் தக்காளிப் பருவம் வந்தது. அவர் பெட்டிக்குச் சொல்லிவைக்கவில்லை. மரீசா கேட்டதற்கு, இந்த வருஷம் வேண்டாம் என்றாராம். நிலவறைச் சுவரை இடித்துக் கட்ட இன்சூரன்ஸ் ஆட்கள் வந்தார்கள். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கலவையில் தண்ணீர் அதிகம் என்று எனக்கே தெரிந்தது. அவர் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பின்கதவைத் தட்டுவார். நான் ஒரு பாட்டில் எடுத்துக் கொடுப்பேன். குழந்தை தூங்குதா என்று கேட்பார். தூங்குது என்பேன், அல்லது முழிச்சிட்டு இருக்கா என்பேன். சரி என்று போய்விடுவார். உள்ளே வந்து உட்கார்ந்தது இல்லை. இப்போது அவளுக்கு நாலு மாதம். அவர் குரல் கேட்டால் தலையைத் திருப்புகிறாள். நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவர் வரவில்லை. பத்து மணிவரை பார்த்தேன். பிறகு நானே ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் சின்னப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மேஜையில் ஒரே ஒரு தட்டு, கரண்டி, உப்பு டப்பா. அவர் திரும்பி என் கையைப் பார்த்தார்.

"போன வாரம் காய்ச்சி ஃப்ரிட்ஜ்ல வெச்சதுல பாதி இருக்கு" என்றார். "கையில இருக்கிறதைக் கொண்டு போய் வை. வெயில்ல காட்டாத."

நான் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.